திற்பரப்பு: அருவிக்கு மேலே ஒரு வரலாறு

மதுரைக்காரர்களுக்கு அருவி என்றாலே குற்றாலம்தான். அதனால் பருவமழை தள்ளிப்போன ஒரு ஜூன் மாதத்தில், "இந்த வருஷம் திற்பரப்பு போவோம்" என்று எங்கள் தெருவில் பேச்சு எழுந்தபோது எனக்கு அந்தப் பெயரே புதிதாக இருந்தது. சனிக்கிழமை இரவு திருநகரிலிருந்து வேன் கிளம்பியது. நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் என்று போய், விடிந்து கொஞ்ச நேரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறங்கினோம்.

கோதையாறு ஒரே பாறையாகக் கிடக்கும் படுகையில் ஓடிவந்து சுமார் 50 அடி கீழே விழுகிறது. கரையிலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரிக்கு பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது. சிவனைக் காணப் போகிறவர்கள் "கோபாலா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே ஓடுவது இங்கு மட்டும்தான்!

எல்லாம் சரி, அருவியில்தான் தண்ணீர் கொஞ்சமாக இருந்தது. "இதுக்கா ராத்திரி பூரா வந்தோம்?" என்று வேனில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "மறுகால் பாஞ்சாத்தான் தம்பி இங்க வெள்ளம் நெறய வரும். இப்பம் வெள்ளமெல்லாம் வயலுக்குல்லா போவுது!"

வயலுக்குள் வெள்ளமா என்று நாங்கள் பதறிப்போனோம். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான். ஆனால் அவர் சொன்ன ஒரு வரியில் நூறு வருட வரலாறு இருக்கிறது. ஊர் திரும்பியதும் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அணை வந்த கதை

திற்பரப்புக்கு மேலே, காட்டின் விளிம்பில் கோதையாற்றை மறித்து நிற்பது பேச்சிப்பாறை அணை. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். நாஞ்சில் நாடு அதன் நெற்களஞ்சியம். மழை பொய்த்தால் களஞ்சியமும் காலி. எனவே ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் அணை வேலை தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயர். ஊர் மக்களுக்கு அவர் "மூக்கன் துரை". அவர் கல்லறையும் அணைக்கருகிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பென்னி குயிக் கட்டிய பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதற்கான 999 ஆண்டு ஒப்பந்தத்தை 1886-ல் சென்னை அரசாங்கத்துடன் செய்துகொண்டதும் இதே திருவிதாங்கூர்தான். மேற்கே கடலுக்குப் போகும் தண்ணீரைக் கிழக்கே நமக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டு, பதினோரு வருடம் கழித்துத் தன் தெற்குக் கோடிக்கு ஓர் அணையைக் கட்டத் தொடங்கியிருக்கிறது.

அதற்கு முன்பே இங்கு கால்வாய் உண்டு. பரளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பும் வாய்க்காலின் பெயர் "பாண்டியன் கால்". மதுரையை ஆண்டவர்களின் பெயர் இவ்வளவு தூரத்தில் ஒரு வாய்க்காலுக்கு இருப்பதைப் படித்தபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

எல்லை மாறிய பிறகு

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பரளியாற்றில் பெருஞ்சாணி அணை அதற்குச் சில வருடம் முன்பே வந்துவிட்டது. அதன்பின் 1966-ல் மாத்தூர் தொட்டிப்பாலம்: 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் நடந்துபோகிறது. வரும் வழியில் அதன் மேல் நடந்தோம். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது.

இப்போது பெரியவர் சொன்னது புரிகிறதா? கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்துக்கும் அணை நீர் கால்வாய்களில் போகிறது. அணை நிரம்பி மறுகால் திறந்தால்தான் திற்பரப்பு பொங்கும். ரொம்பப் பொங்கினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மிச்சமிருப்பது பரளியோடு சேர்ந்து, குழித்துறை தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைத் தொடுகிறது.

ஆனால் ஒரு வருத்தம். கும்பப்பூ விளைந்த வயல்கள் பல இன்று வாழைத்தோப்பாகவும், ரப்பராகவும், வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. அருவி மெலிந்திருந்தால் எங்கோ நாற்று நடுகிறார்கள் என்று சந்தோஷப்படலாம். அந்த வயலே இல்லாமல் போனால், அப்புறம் மூக்கன் துரை கட்டியது யாருக்காக?

வேனில் திரும்பும்போது யாரும் முணுமுணுக்கவில்லை. திருநகர் வந்து குழாயைத் திறந்தேன். வைகைத் தண்ணீர், அதாவது பெரியாற்றுத் தண்ணீர். நமக்காகவும் எங்கோ ஓர் ஆறு திரும்பியிருக்கிறது.