யாருமில்லாத கடற்கரை எப்படி உருவானது?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், ம்பாஷே ஆறு கடலில் சேரும் இடத்தின் இரு பக்கமும் டுவெசா–க்வெபே இயற்கைக் காப்பகம் இருக்கிறது. காடு கடல்வரை இறங்கி வரும். மணல், பாறை, அலை. கடைகள் இல்லை, கூட்டம் இல்லை. இந்தக் கரையோரத்துக்கே 'வைல்டு கோஸ்ட்' என்றுதான் பெயர். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளில் 'மனிதக் கை படாத கடற்கரை' என்ற வரி தவறாமல் வந்துவிடும். யாருடைய கை என்று கேட்காமல் நம்மால் அந்த வரியைக் கடக்க முடியாது, தோழர்களே. தீண்டுவது பற்றிய சொற்களோடு நமக்குப் பழைய கணக்கு உண்டு.

அங்கே கை பட்டுக்கொண்டுதான் இருந்தது. கோசா மொழி பேசும் மக்கள் அந்தக் காட்டில் குடியிருந்தார்கள். விறகும் மூலிகையும் கூரைப் புல்லும் எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் பாறையில் ஒட்டிய சிப்பிகளைப் பெயர்த்தெடுத்தார்கள். 1890களில் கேப் காலனி அரசு இரண்டு காடுகளுக்கும் எல்லை போட்டு அரசுக் காடுகள் ஆக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1970களில் டிரான்ஸ்கை 'தாயக' அரசு (நிறவெறி ஆட்சி கறுப்பர்களுக்கென்று செய்து வைத்த பொம்மை அரசு) அதை இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. பின்னர் வேலியும் வந்தது. க்வெபே பக்கத்து ஹோட்டல் வேலிக்கு உள்ளே. சிப்பி எடுத்த பெண்கள் வெளியே.

நகரக் கடற்கரைகளில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை வைக்க 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் இருந்தது. இங்கே அந்தப் பலகை தேவைப்படவில்லை, 'பாதுகாப்பு' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்தது. 1990இல் அந்தச் சட்டம் ரத்தானது. வேலி அப்படியே நின்றது.

1994இல் கிராம மக்கள் காப்பகத்துக்குள் நுழைந்து போராடினார்கள். 2001 ஜூனில் ஏழு ஊர் மக்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது, ஆனால் காப்பகமாகவே தொடர வேண்டும், யாரும் திரும்பக் குடியேறக்கூடாது என்ற ஏற்பாட்டோடு. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2000 டிசம்பரில், கரையை ஒட்டிய கடலில் எதையும் பிடிக்கக் கூடாது என்று கடல் பாதுகாப்புப் பகுதியும் அறிவிக்கப்பட்டிருந்தது. பத்திரம் கைக்கு வரும்போது கடல் போய்விட்டது. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2010இல் மூன்று மீனவர்கள் கைதானார்கள். குற்றச்சாட்டு, மீன் பிடிக்க முயன்றார்கள் என்பதுதான். எலியட்டேல் நீதிமன்றம் தண்டித்தது, 2016இல் ம்தாத்தா உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2018 ஜூன் 1 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த மக்களுக்கு வழக்காற்று மீன்பிடி உரிமை உண்டு, கடல்வளச் சட்டம் அதைப் பறித்துவிடவில்லை என்றது. 'கொங்கோசே வழக்கு' என்று தேடினால் கிடைக்கும். சட்டம் படிக்கும் தோழர்கள் முழுத் தீர்ப்பையும் படிக்க வேண்டும்.

அதில் என்னை நிறுத்திய இடம் சாட்சியம். பெரியவர்கள் கற்றுக்கொடுத்ததை, தங்களுக்குள் இருந்த மீன்பிடி ஒழுங்கை மீனவர்கள் வாயால் சொன்னார்கள். மானிடவியல் ஆய்வாளரின் சாட்சியமும் துணைக்கு வந்தது. எழுதப்படாத அந்த வழக்கம் நீதிமன்றத்தில் சட்டமாக நின்றது.

நம் நாட்டு வன உரிமைச் சட்டம், 2006இன் விதிகளும் முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் சான்றாக ஏற்கின்றன. பழங்குடி அல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டோரத் தலித் குடும்பங்கள் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. அவர்களில் பலரிடம் காகிதம் இருக்காது, பாட்டி இருப்பார்.