மொகிலிக் கணவாய் வழி

பம்பாய்ப் பக்கத்திலிருந்து புனே, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வந்த பழைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை 1,235 கிலோமீட்டர் நீளமுடையதாயினும், ஆந்திர ராஜ்யத்தில் அது ஓடிய தூரம் 83 கிலோமீட்டர் மட்டுமே. நங்கிலியில் கன்னட எல்லையை விட்டு, பலமனேரியில் பீடபூமியின் விளிம்பைத் தொட்டு, மொகிலிக் கணவாயில் சரசரவென்று இறங்கிச் சித்தூரை அடைந்து, பின் ராணிப்பேட்டையை நோக்கித் தெற்கே திரும்பும் அச்சிறு பகுதியை வெறும் இடைவழியென்று கருதிக் கடந்து போவோர், தென்னாட்டுச் சரித்திரத்தின் பெருவாயில் ஒன்றைப் பாராமலே போகிறார்கள்.

மைசூர்ச் சீமையிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் வழிகள் சிலவே; ஆதலின் அவற்றை ஆண்டவனே இரு நாட்டையும் ஆட்டிவைத்தான். முதற் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி, சாளுக்கிய விக்கிரமாதித்தனை நங்கிலியிலிருந்து துங்கபத்திரை வரை துரத்திய வெற்றியைப் புகழ்வது இந்த வழியின் பழமைக்குச் சான்று. 1782 டிசம்பர் 7ஆம் தேதி ஹைதர் அலி உயிர் நீத்ததும் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான். ஒன்பது ஆண்டுகளுக்குள், 1791இன் தொடக்கத்தில், கார்ன்வாலிஸ் ஆம்பூர் வழியே மேலேறப் போவதாகப் போக்குக் காட்டித் திப்புவை ஏமாற்றிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூர் வந்து, பீரங்கிகளை மாடுகளும் யானைகளும் இழுக்க, எதிர்ப்பின்றி மொகிலி ஏற்றத்தைக் கடந்து பலமனேரியை அடைந்தான். மார்ச்சு மாதத்தில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. மைசூரின் விதியைப் போர்க்களத்துக்கு முன்பே இந்த மலைவழி நிர்ணயித்துவிட்டது என்பதே என் துணிபு.

சித்தூருக்கு வடக்கே பூதலப்பட்டில் பிரிந்து, பாகாலை, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் கிளையும் இரத்தம் படிந்ததே. 1740 மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படையை எதிர்த்த ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் அங்கேயே மாண்டார். இன்று அதே தாமல்செருவு மாம்பழச் சந்தைக்குப் பேர்போனது. ஆனி மாதத்தில் அப்பக்கம் போகிறவர்கள், கிளிமூக்கு மாம்பழத்தைக் குவியலாக ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலைகளின் வாயிலில் வரிசையாக நிற்பதையும், விலை படியுமோ என்ற கவலையோடு விவசாயிகள் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பதையும் காணலாம். புரட்டாசியிலோ, வேலூர்ப் பக்கத்துப் பாதயாத்திரிகர்கள் மஞ்சள் ஆடையோடு கோவிந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டு சாலையோரமாக நடந்து போகிறார்கள்.

1911 வரை வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகரம் சித்தூரே. அவ்வாண்டு தனி ஜில்லாவாகி, 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்து, 1960இல் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுத்த பின்னும், இச்சாலையோரத்துக் கடைகளில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

தங்க நாற்கரத் திட்டம் பெங்களூர்ப் போக்குவரத்தைக் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகத் திருப்பியபோது சித்தூர் வழி தன் முதன்மையை இழந்தது; 2010இல் எண்களை மாற்றியமைத்தபோது பழைய எண்ணும் போயிற்று. இப்போது பலமனேரி ஏற்றம் 69ஆம் எண் சாலை, ராணிப்பேட்டைப் பகுதி 40ஆம் எண் சாலை. ஆயினும் 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூர்–சென்னை விரைவுச்சாலைக்குப் பொறியாளர்கள் தேர்ந்த வழி, மறுபடியும் சித்தூர்ச் சீமையின் ஊடாகவே செல்கிறது.