எச்-இன்டெக்ஸ் 38 என்றால் நல்ல சர்ஜனா? ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி

அப்பா பத்து நிமிடம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்கிறார். சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது. டாப்ளர் ஸ்கேன் பார்த்த டாக்டர், "காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கு, ஒரு வாஸ்குலர் சர்ஜனைப் பாருங்க" என்று எழுதிக் கொடுக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள், வண்டியில் உட்கார்ந்தபடியே நீங்கள் கூகுளில் பெயர்களைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒருவரின் பெயருக்குக் கீழே இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: கட்டுரைகள் 210, சைட்டேஷன் 6,400, எச்-இன்டெக்ஸ் 38. பார்த்ததும் 'பெரிய ஆள்தான் போல' என்று தோன்றும். அந்த எண்ணம் சரியா? இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை?

சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ் என்றால் என்ன?

சைட்டேஷன் என்பது மேற்கோள். ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, 'இது தவறு' என்று குறிப்பிட்டாலும் ஒன்று. எண்ணும் கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எச்-இன்டெக்ஸ் 2005-ல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் இதை முன்வைத்தார். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் என்றால், குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. குறைந்தது 5 மேற்கோள் பெற்றவை 5 இல்லை. ஆக, எச்-இன்டெக்ஸ் 4.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த முதல் கட்டுரைக்கு 10-க்குப் பதில் 10,000 மேற்கோள் வந்தாலும் எச்-இன்டெக்ஸ் 4-தான். ஒரே ஒரு கட்டுரையால் துறையையே திருப்பிப் போட்டவரை இது கண்டுகொள்ளாது. இன்னொன்று, இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. ஆய்வை நிறுத்திப் பத்து வருடம் ஆனவருக்கும் பழைய கட்டுரைகளின் தயவில் எண் கூடிக்கொண்டே போகலாம். 30 வயதில் இருக்கும் திறமையான ஆய்வாளர் 60 வயதுக்காரரோடு இந்தக் கணக்கில் போட்டி போடவே முடியாது.

ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வருகிறதே, ஏன்?

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்று முக்கியமான தரவுத்தளங்கள் மூன்று. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையே பெரும்பாலும் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும். அதனால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். ஒருவரின் ஸ்கோபஸ் எண்ணையும் இன்னொருவரின் கூகுள் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒருவரின் மாதச் சம்பளத்தையும் இன்னொருவரின் ஆண்டு வருமானத்தையும் ஒப்பிட்ட கதையாகிவிடும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. நம் ஊரில் ஒரே இனிஷியலும் ஒரே பெயருமாக எத்தனை பேர்? ஒருவரின் கட்டுரை இன்னொருவரின் கணக்கில் சேர்வது சாதாரணமாக நடக்கிறது. ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் வந்ததற்கு இதுதான் காரணம்.

எந்த மாதிரிக் கட்டுரைக்கு மேற்கோள் குவியும்?

வழிகாட்டு நெறிமுறைகளுக்கும் வகைப்பாடுகளுக்கும் குவியும். உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் கால் ரத்தக்குழாய் அடைப்பு நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான 'டாஸ்க் 2' என்ற சர்வதேசக் கருத்தொற்றுமை ஆவணம் 2007-ல் வெளியானது. பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து எழுதியது. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதை வைத்து அது ஏ, பி, சி, டி என்று பிரித்தது. அதன் பிறகு இந்த நோயைப் பற்றி எழுதுபவர்கள் அதைக் குறிப்பிடாமல் எழுதுவது கடினமாகிப்போனது. மேற்கோள் ஆயிரக்கணக்கில் ஏறியது.

அது பயனுள்ள வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவரின் எண்ணில் பாதி இப்படி ஒரு குழு ஆவணத்திலிருந்து வந்திருந்தால், அது அவர் தனியாகக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த மதிப்பெண் ஆகாது.

முதலில் செய்தவருக்குத்தான் அதிக மேற்கோள் கிடைக்குமா?

கிடைக்கும் என்று உறுதியில்லை. பெருந்தமனி வீக்கத்துக்கு இன்று பல நோயாளிகளுக்கு வயிற்றையோ மார்பையோ பெரிதாகத் திறப்பதில்லை. தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி, உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கிறார்கள். இந்த முறையைப் பற்றிப் பேசினால் உடனே வரும் பெயர் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி. 1990-ல் புவனோஸ் ஐரிஸில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு இதைச் செய்து, 1991-ல் ஓர் ஆங்கில இதழில் எழுதினார். அந்தக் கட்டுரை ரத்தநாள அறுவை சிகிச்சையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று.

ஆனால் 1987-லேயே அன்றைய சோவியத் யூனியனில், கார்கிவ் நகரில் நிகோலாய் வொலொதோஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மார்புப் பெருந்தமனியில் ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்திவிட்டார். எழுதியது ரஷ்ய மொழியில், சோவியத் இதழில். மேற்குலகம் நெடுங்காலம் அதைப் படிக்கவில்லை, அதனால் மேற்கோளும் காட்டவில்லை. அவர் முன்னோடி என்ற அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. பரோடியின் சாதனை இதனால் குறைந்துவிடாது. ஆனால் எந்த மொழியில், எந்த இதழில் எழுதுகிறோம் என்பதும் மேற்கோள் எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

மேற்கோள் அதிகம் என்றால் ஆய்வு சரி என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் விஷயம் உயிரோடு விளையாடுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் பேராசிரியராக இருந்தவர் டான் போல்டர்மன்ஸ். ரத்தநாள அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்கு மாரடைப்பு வராமல் தடுப்பது எப்படி என்பது அவரது களம். 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அவரது குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மொத்தம் 112 நோயாளிகள். அறுவை சிகிச்சைக்கு முன்பே பிசோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 3.4% பேருக்குத்தான் இதய மரணமோ மாரடைப்போ ஏற்பட்டது என்றும், கொடுக்கப்படாதவர்களில் அது 34% என்றும் அந்த ஆய்வு சொன்னது. பத்து மடங்கு வித்தியாசம்!

அதைத் தொடர்ந்து 'டிக்ரீஸ்' என்ற பெயரில் வரிசையாக ஆய்வுகள் வந்தன. கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் பெருகின, மேற்கோள்கள் குவிந்தன. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2009-ல் இது பற்றி நெறிமுறை வெளியிட்டபோது அதை எழுதிய குழுவின் தலைவரும் போல்டர்மன்ஸ்தான். அதிக ஆபத்துள்ள நோயாளிகளுக்குப் பீட்டா பிளாக்கர் பரிந்துரைக்கப்பட்டது.

இதற்கிடையே, 2008-ல் 'பாய்ஸ்' என்ற ஆய்வு லான்செட் இதழில் வந்தது. இந்தியா உட்பட 23 நாடுகள், 8,351 நோயாளிகள். வேறொரு பீட்டா பிளாக்கரான மெட்டோபுரோலால் கொடுக்கப்பட்டது. மாரடைப்பு 5.7%-லிருந்து 4.2% ஆகக் குறைந்தது. ஆனால் மரணம் 2.3%-லிருந்து 3.1% ஆகவும், பக்கவாதம் 0.5%-லிருந்து 1% ஆகவும் கூடியது. மருந்தின் அளவு அதிகம், அறுவை சிகிச்சை நாளிலேயே தொடங்கியது தவறு என்றெல்லாம் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் எதிர்ப்பக்கத்துக்குத் துணை நின்றவை டிக்ரீஸ் ஆய்வுகள்.

2011 நவம்பரில் எராஸ்மஸ் மருத்துவ மையம் போல்டர்மன்ஸைப் பணிநீக்கம் செய்தது. நோயாளிகளிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்காமல் தரவுகளைப் பயன்படுத்தியது, கற்பனைத் தரவுகளைச் சேர்த்தது உள்ளிட்டவை குற்றச்சாட்டுகள். கவனக்குறைவு நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்த அவர், வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னார்.

பிறகு லண்டன் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். டிக்ரீஸ் குடும்பத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மீதமிருந்த நம்பகமான 9 ஆய்வுகளின் 10,529 நோயாளிகளை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் புதிதாகப் பீட்டா பிளாக்கர் தொடங்கினால் 30 நாள் மரண அபாயம் 27% கூடுகிறது என்று வந்தது. 2013-ல் ஹார்ட் இதழ் இதை வெளியிட்டது. 2014-ல் ஐரோப்பிய நெறிமுறை திருத்தப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடமும் அந்த ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும். அவரை நம்பியவர்களும் மேற்கோள் காட்டினார்கள், அவரை மறுத்தவர்களும் மேற்கோள் காட்டினார்கள். கணக்கில் எல்லாமே கூட்டல்தான். கழித்தல் குறியே கிடையாது.

ஒரு முக்கியக் குறிப்பு: ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மேலே சொன்னது அறுவை சிகிச்சைக்கு முன் புதிதாகத் தொடங்குவது பற்றி மட்டுமே.

'உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்' பட்டியலை நம்பலாமா?

ஒவ்வொரு வருடமும் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுகிறார்களே, அந்தப் பட்டியல்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் தரவிலிருந்து இதைத் தயாரிக்கிறது. எச்-இன்டெக்ஸை மட்டும் பார்க்காமல், கட்டுரையில் முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா, தனியாக எழுதியதா என்பதையும் சேர்த்து ஒரு கூட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

ஃப்ளெக்ஸில் வராத ஒரு தகவலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒருவர் தன்னைத் தானே எத்தனை சதவீதம் மேற்கோள் காட்டிக்கொண்டார் என்பது தனியாகத் தரப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் வரும் தரவரிசையும் இருக்கும். யாராவது அந்தப் பட்டியலைக் காட்டினால், முதலில் அந்த இரண்டு பத்திகளைத் திறந்து பாருங்கள்.

அப்போ ஒரு புரொஃபைலில் எதைப் பார்ப்பது?

• அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 5 கட்டுரைகளைத் திறங்கள். சொந்த ஆய்வா, நெறிமுறையா, தொகுப்புக் கட்டுரையா?

• ஆசிரியர் பட்டியலில் அவர் எங்கே இருக்கிறார்? மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவர். நடுவில் 27-வது பெயர் என்றால் பங்களிப்பு சிறியதாக இருக்கலாம்.

• ஆய்வில் எத்தனை நோயாளிகள்? வேறு குழுவினர் திரும்பச் செய்தபோது அதே முடிவு வந்ததா?

• ஏதாவது கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? பப்மெட் தளத்தில் அப்படிப்பட்ட கட்டுரைக்கு மேலேயே குறிப்பு இருக்கும்.

• ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே துறை, ஏறக்குறைய ஒரே அனுபவம், ஒரே தரவுத்தளம். ரத்தநாள அறுவை சிகிச்சை சிறிய துறை. புற்றுநோய் ஆய்வாளரின் எண்ணோடு இதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கடைசியாக, அப்பாவின் கால்

ஆய்வு என்பது ஒரு திறமை, கத்தி பிடிப்பது இன்னொரு திறமை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் தினமும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கட்டுரை எழுத நேரமே இருந்திருக்காது. அவரது எச்-இன்டெக்ஸ் 2 ஆக இருக்கலாம்.

எனவே, எதிரில் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தச் சிகிச்சையை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்குக் குழாய் திறந்தே இருக்கிறது? எத்தனை பேருக்குக் காலை எடுக்க வேண்டி வந்தது? பைபாஸா, ஆஞ்சியோபிளாஸ்டியா, அப்பாவுக்கு ஏன் இது? இப்போதைக்கு நடைப்பயிற்சியும் மருந்தும் புகைபிடிப்பதை விடுவதும் போதாதா?

இவற்றுக்கு நிதானமாக, எண்களோடு பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால், அந்தப் பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான எண்கள் அவைதான். எந்தப் புரொஃபைலிலும் அவை வராது.