விப்ரியோவிலிருந்து வளைகோலுக்கு

2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவிப் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதே எங்கும் பேச்சு. காலராவுக்குக் காரணமான கிருமி விப்ரியோ காலரே. இதே விப்ரியோ என்ற பெயரைப் பல பத்தாண்டுகள் சுமந்து, பிறகு இழந்த வேறொரு கிருமி உண்டு. அது கோழியின் குடலில் வாழ்கிறது. இன்றைய பெயர் காம்பிலோபாக்டர் ஜெஜூனி.

காலராவுக்கு நம்மிடம் வாந்திபேதி என்ற சொல் இருக்கிறது. கோழிக்கு வரும் ராணிக்கெட் நோயை வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். கண்ணில் படும் நோய்க்கு ஊர் பெயர் வைத்துவிடும். இந்தக் கிருமிக்கு அப்படி ஒரு பெயர் அமையவில்லை. வயிறு நிறைய இதைச் சுமக்கிற கோழி பெரும்பாலும் நோயின்றி இரை எடுக்கும், எடை போடும். அறிகுறி மனிதனுக்குத்தான்: காய்ச்சல், வயிற்றுவலி, சில சமயம் ரத்தத்தோடு பேதி.

1886இல் ஜெர்மன் மருத்துவர் தியோடர் எஷரிச், பேதியில் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார், வளர்க்க முடியவில்லை. 1931இல் அமெரிக்காவில் ஆய்வாளர் ஜோன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கன்றுகளின் கழிச்சலில் ஒரு கிருமியைப் பிரித்து 'விப்ரியோ ஜெஜூனி' என்றார்கள். விப்ரியோ என்பது லத்தீனில் துடித்தல், அதிர்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஜெஜூனம் என்பது சிறுகுடலின் நடுப்பகுதி. உடலை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள் அது வெறுமையாகக் கிடக்கக் கண்டு 'பட்டினிக் குடல்' என்றார்கள். அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான் பிரெஞ்சில் உண்ணாநோன்பைக் குறிக்கும் 'ஜேன்'. நோன்பை முறிப்பது 'தேஜேனே', அதாவது சாப்பாடு. காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு இந்த உறவைச் சொன்னால் உடனே பிடிபடும்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டில். மறு ஆண்டு, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மதலேன் செபால்டும் மிஷேல் வெரோனும் இந்தக் கிருமிக் கூட்டத்துக்குத் தனிப்பேரினம் வகுத்தார்கள். இவை சர்க்கரையை நொதிக்கச் செய்வதில்லை, குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்கின்றன, டிஎன்ஏவின் எழுத்து விகிதமும் விப்ரியோவோடு ஒத்துப்போகவில்லை. கிரேக்கத்தில் 'காம்பிலோஸ்' என்றால் வளைந்தது. பாக்டீரியா என்பதன் வேர் 'சிறுகோல்'. ஆக, வளைந்த கோல். தமிழில் 'கொடு' என்றால் வளைவு. கொடுவாள், கொடுமரம் எல்லாம் அப்படி வந்தவை. நேராகப் பெயர்த்தால் 'கொடுங்கோல்' என்றாகும். அந்தச் சொல்லை ஆட்சி பிடித்துக்கொண்டதால், நமக்கு வளைகோல் போதும்.

பிரித்தது சரிதான், மரபணுவின் தீர்ப்பு அது. ஆனால் கைவிட்ட பெயரில் ஓர் உண்மை இருந்தது என்பது என் எண்ணம். கிருமி கோழிக்குள் தங்குவது அந்தத் துடிப்பால்தான்.

கோழியின் குடலில், சிறுகுடல் முடியுமிடத்தில், ஒருபக்கம் அடைத்த இரண்டு நீளப் பைகள் உண்டு. வளைகோல் பெருகுவது முக்கியமாக அங்கே. பெயரில் உள்ள பட்டினிக் குடலில் அல்ல. பையின் சுவரில் பிசுபிசுப்பான சளிப்படலம். கிருமியின் முனையில் ஒரு சாட்டை, சிலவற்றில் இரு முனையிலும். அதைச் சுழற்றி, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் சளிக்குள் துளைத்துப் போகிறது. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ். வளைகோலுக்கு அது தோதான சூடு.

சாட்டையின் முக்கியப் புரதத்தை எழுதும் மரபணு ஃபிளாஏ. அதைச் சிதைத்த கிருமியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அது குடலில் நிலைப்பதில்லை. 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹென்ட்ரிக்சனும் டிரிட்டாவும் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குலைத்த கிருமிகளை ஒருநாள் குஞ்சுகளில் சோதித்தார்கள். தங்க முடியாமல் போனவற்றில் நகரும் திறன் இழந்தவை பல. சுற்றுப்புறத்தின் வேதிக்குறிப்பை உணர்ந்து திசை தெரிந்துகொள்ள உதவும் மரபணு ஒன்றும் சிக்கியது. அதன் பெயர் டாக்பி. அதில் 'டாக்' என்பது, குஞ்சில் குடியேறுவதைத் தீர்மானிப்பது என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் சுருக்கம். சாட்டை இருந்தும் திசை தெரியாவிட்டால் பயனில்லை.

கோழிக்குள் சும்மா இருக்கும் இந்தக் கிருமி மனிதனிடம் எப்போதும் பேதியோடு நிற்பதில்லை. 2025 ஜனவரியில் புனேயில் பலர் கை கால் செயலிழந்து மருத்துவமனைகளில் சேர்ந்தபோது, அது நரம்புகளைப் பாதிக்கும் கில்லன் பாரே நோய் என்று தெரிந்தது. சிலருடைய மலத்தில் இந்த வளைகோல் கண்டறியப்பட்டது.

தமிழில் கால்நடைப் பாடநூல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்குத் தமிழ்ப்பெயர் வைக்கும்போது வளைவோடு துடிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'துடிவளைகோல்' என்றால்கூட நல்லதுதான். வீட்டில் சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: கறியை எலும்போரம்வரை வேகவிடுங்கள், பச்சைக் கோழி வெட்டிய பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதில் வெங்காயம் அரியாதீர்கள்.