வாடகைக்கு ஒரு மின்சாரக் கார்: 1893இலிருந்து ஒரு கணக்கு



கடந்த மாத உரைக்குப் பிறகு நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். பெறாமகளின் கலியாணத்துக்காக லண்டனுக்குப் போன அவர் பதிவு செய்திருந்தது பெற்றோல் கார். விமான நிலையத்தில் கையில் கொடுத்ததோ மின்சாரக் காரின் சாவி. எங்கே மின்னேற்றுவது, எந்தக் கம்பியைச் செருகுவது, எவ்வளவு காசு என்று தெரியாமல் முதல்நாள் முழுக்க அதிலேயே போய்விட்டதாம். "இந்தப் புதுச் சாமானை ஏன் எங்களுடைய தலையில் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார்.

கார் புதிதுதான். பிரச்சினை புதிதல்ல. அதற்கு நூற்று முப்பது வயதுக்கு மேலாகிறது. அது முதலில் தலைகாட்டிய இடங்களில் ஒன்று நாங்கள் வாழும் இந்த ரொறன்ரோ நகரம்.

ஆவணி மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சி.என்.ஈ. பொருட்காட்சிக்குப் போகிறோம் அல்லவா? 1893இல் அதே பொருட்காட்சியில், அன்றைய பெயரில் ரொறன்ரோ கைத்தொழிற் கண்காட்சியில், குதிரை இல்லாத வண்டி ஒன்று ஓடியது. சொந்தக்காரர் ஃபிரெடரிக் ஃபெதர்ஸ்ரன்ஹோ என்ற காப்புரிமை வழக்கறிஞர். பற்றரியையும் மோட்டாரையும் வடிவமைத்தவர் வில்லியம் ஸ்ரில். வண்டியைக் கட்டியது ஜோன் டிக்சனின் குதிரைவண்டிப் பட்டறை. வேகம் மணிக்குச் சுமார் 15 மைல். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடினால் மறுபடியும் மின்னேற்ற வேண்டும்.

எங்கே ஏற்றுவது? அந்தக் காலத்தில் நகரத்தில் குதிரை இழுக்கும் ட்ராம்கூட முழுதாக மறைந்திருக்கவில்லை. முதலாவது மின்சார ட்ராம் ஓடியதே 1892இல்தான். ஃபெதர்ஸ்ரன்ஹோ மிமிக்கோவில் ஏரிக்கரையோரம் குடியிருந்தார். அவருடைய வீட்டு வாசலால் மின்சார ரயில்பாதை போனது. அந்தக் கம்பியிலிருந்து எடுத்த மின்சாரத்தில்தான் தன் வண்டியை ஓட்டினார் என்று நகர வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ட்ராம் கம்பியில் ஓடுவது நேர்மின்னோட்டம். பற்றரிக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே கார் வைத்திருக்கும் தகுதி அவருக்கு வந்தது பணத்தால் மட்டுமல்ல, வீடு இருந்த இடத்தாலும்தான். இன்றைக்கு ஸ்காபரோவில் தனி வீட்டுக்காரர் கராஜில் செருகிவிட்டு நித்திரைக்குப் போகிறார், பதினெட்டாம் மாடியில் இருப்பவர் கடைவாசலில் காத்து நிற்கிறார். அந்த வித்தியாசம் அன்றே தொடங்கிவிட்டது.

சரி, சொந்த வாசலில் கம்பி இல்லாதவர்களுக்கு? அங்கேதான் வாடகை வருகிறது. 1897இல் வோல்ற்றர் பேர்சி என்பவரின் மின்சார வாடகை வண்டிகள் லண்டன் தெருக்களில் இறங்கின. பற்றரி இறங்கியதும் கொட்டிலுக்குப் போய் வெறும் பற்றரியைக் கழற்றி, நிரம்பியதை ஏற்றிக்கொண்டு வருவார்கள். (குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதர் அதே ஆண்டில் அகப்பட்ட ஜோர்ஜ் ஸ்மித். அவரும் ஒரு மின்சார வாடகை வண்டிச் சாரதிதான்.) இரண்டு வருடத்தில் அந்த வண்டிகள் நின்றுபோயின. பிறகு அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் மின்சாரக் கம்பனி இன்னொரு வழி கண்டது. பார வண்டியைப் பற்றரி இல்லாமல் நீங்கள் வாங்குங்கள், பற்றரி எங்களுடையது, ஓடிய மைலுக்குக் காசு கட்டுங்கள் என்றது. 1924 வரை நடந்த அந்த ஏற்பாட்டில் வண்டிகள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. கணக்காளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பற்றரி பழுதாகும் பயம் முழுவதும் கம்பனியின் ஏட்டில்.

ஃபோர்டின் மலிவான காரும், 1912இல் கடிலாக்கில் வந்த மின்சார ஸ்ராட்டரும் பெற்றோலை வெல்ல வைத்தன. மின்சாரம் ஊருக்கு ஊர் வேறுபட்டதும் உதவவில்லை. நயாகராவிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்த மின்சாரம் செக்கனுக்கு 25 சுற்று; பக்கத்து நாட்டில் பெரும்பாலும் 60. இங்கே அதை மாற்றி முடிக்க 1950களின் கடைசிவரை சென்றது. இன்றைக்கு லண்டனில் ஒரு செருகி, யப்பானில் இன்னொன்று, இங்கே வேறொன்று. யப்பான்காரர் தங்கள் செருகிக்கு 'சாடெமோ' என்று பெயர் வைத்தார்கள். "தேநீர் ஏதும் குடிப்போமா?" என்ற பொருளும் அந்த மொழியில் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மின்னேற்றி முடிய அவ்வளவு நேரமாகும் என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எரிபொருள் எங்கே கிடைக்கும் என்ற கவலையை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல் தடையானது. காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் எங்களுக்குத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். சுற்றியவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஒரு அலகு மின்சாரத்தின் பாரம் என்ன என்பதை அந்தக் கைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 2022இல் இலங்கை முழுவதுமே க்யூ.ஆர். அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றபோது, ஊரில் சிலர் இது தங்களுக்குப் பழைய பாடம் என்றார்கள்.

இனி நேயரின் கேள்விக்கு வருவோம். ஹேர்ட்ஸ் நிறுவனம் 2021இல் ஒரு இலட்சம் டெஸ்லா கார்களுக்குக் கட்டளை கொடுத்தது. 2024 தொடக்கத்தில் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. திருத்தச் செலவும் மறுவிற்பனை விலை விழுந்ததும் காரணம். ஆகவே எந்தக் கார் கிடைக்கும் என்பது அன்றைய கையிருப்பைப் பொறுத்தது. பெற்றோல்தான் வேண்டும் என்றால் பதிவிலேயே எழுத்தில் கேளுங்கள். மின்சாரம் என்றால் நான்கு விடயம் கேளுங்கள்: கம்பி காருக்குள் இருக்கிறதா, எந்தச் செருகி, எந்த அட்டை அல்லது செயலி, எத்தனை வீதத்தோடு திருப்பித்தர வேண்டும்.

கட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கனடாவில் பொது மின்னேற்றிகள் நெடுங்காலம் நிமிடக் கணக்கில் காசு எடுத்தன. கிலோவாட் மணிக் கணக்கில் விற்க மெஷர்மென்ற் கனடா வழிவிட்டது 2023இல்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் அந்த நேரத்தில் 40 கிலோவாட் மணி ஏறினால் அலகு 50 சதம். தை மாதக் குளிரில் பற்றரி மெதுவாகவே வாங்கும். 20தான் ஏறினால் அலகு ஒரு டொலர். நிமிடக் கணக்கென்றால் 80 வீதத்தோடு கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஏறுவது ஊர்ந்துதான். ஏறி முடிந்தபிறகும் காரை அங்கேயே விட்டால் தண்டப்பணம் எடுக்கும் இடங்களும் உண்டு.

எல்லாவற்றிலும் மலிவானது சொந்தக்காரர் வீடுதான். சாதாரண 120 வோல்ற் செருகியில் இரவு முழுக்கப் போட்டால் மறுநாள் நகரத்துக்குள் ஓடக் காணும். ட்ரையர் போன்ற 240 வோல்ற் இணைப்பு இருந்தால் விடிவதற்குள் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஒன்ராறியோவில் 2023 மே மாதம் வந்த இரவுநேரக் குறைந்த கட்டணத் திட்டத்தில் வீட்டுக்காரர் சேர்ந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரவு 11 மணிக்குப் பிறகு செருகினால், திட்டம் தொடங்கியபோது இருந்த 2.4 சத விலையில் 50 கிலோவாட் மணிக்கு 1 டொலர் 20 சதம்; விநியோகக் கட்டணமும் வரியும் வேறு. காசு நீட்டினால் எங்கள் சனம் வாங்காது. ஒரு பெட்டி மாம்பழத்தோடு போங்கள்.