எண்ணிப் பார்!

'எண்ணுதல்' என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. சிந்திப்பதும் எண்ணுதல், ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிடுவதும் எண்ணுதல். "தோழர்களே, எண்ணிப் பாருங்கள்!" என்று மேடைதோறும் முழங்குகிறோம். முதற் பொருளிலே முழங்குகிறோம். இரண்டாம் பொருளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இரண்டு பொருளிலும் எண்ணிப் பார்ப்பவனே விஞ்ஞானி. அவன் வழி எது என்று காண, கடல் கடந்து செல்லத் தேவையில்லை. காஞ்சிபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் போதும்.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலிலே, தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி என இரு உருவங்கள் உள்ளன. பல்லி மேலே விழுந்தால் தீங்கு வரும் என்று பஞ்சாங்கம் பலன் கூறுகிறது; இந்த உருவங்களைத் தொட்டால் அத்தீங்கு நீங்கும் என்று மக்கள் நம்புகின்றனர். நம்பியவரைக் கேட்டால், "பல்லி விழுந்தது, வந்து தொட்டேன், தீங்கு ஏதும் நேரவில்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது கணக்கிலே ஒரு கட்டம்தான். தொட்டும் தீங்கு நேர்ந்தவர் எத்தனை பேர்? தொடாமல் தீங்கு நேர்ந்தவர் எத்தனை பேர்? தொடாமலே நலமாக இருப்பவர் எத்தனை பேர்? நான்கு கட்டங்களையும் நிரப்பிய பிறகுதான், தொட்டதால் பயன் உண்டா இல்லையா என்று பேச முடியும். ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மூன்றை மூடிவைக்கும்போது நம்பிக்கை வளர்கிறது, அறிவு வளருவதில்லை.

இந்தக் கேள்வி மேனாட்டார் இறக்குமதி செய்த சரக்கு என்று எவரேனும் கூறின், அவர் மணிமேகலையைப் புரட்டிப் பார்க்கட்டும். சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியத் தலைவியைக் காஞ்சிக்கே அழைத்து வந்து, அறவண அடிகளிடம் அளவை நூல் கேட்க வைக்கிறார். மலையிலே புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்கிறோம். எதனால்? புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்ட அடுக்களை நமக்கு எடுத்துக்காட்டு. அது மட்டும் போதாது. நெருப்பு இல்லாத இடத்திலே புகையும் இல்லை என்று காட்டும் எதிர்மறை எடுத்துக்காட்டும் வேண்டும் என்கிறது அந்த அளவை. உள்ள இடத்தைப் பார்த்தாயா? நன்று. இல்லாத இடத்தையும் பார்! காஞ்சியிலே தமிழ்ப் பெண்ணொருத்தி கேட்டதாகக் காப்பியம் கூறும் பாடம் இது.

ஆனால், அளவை நூலோர் கண்ணெதிரே இருந்த எடுத்துக்காட்டுகளைக் கொண்டு வாதிட்டனர். சோதனை செய்பவனோ, 'இல்லாத இடத்தை'த் தானே உண்டாக்குகிறான். காஞ்சியின் சாயப்பட்டறைக்குப் புதுச் சாயம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழையதைவிட நன்றாக நிற்கும் என்கிறான் விற்பவன். அறிவுள்ள சாயக்காரர் என்ன செய்வார்? ஒரே சிட்டத்துப் பட்டு நூலை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதிக்குப் பழைய சாயம், மறு பாதிக்குப் புதுச் சாயம். ஒரே நீர், ஒரே சூடு, ஒரே நேரம். மாறுவது சாயம் ஒன்றே. பிறகு இரண்டையும் வெயிலிலே வைத்தும் நீரிலே அலசியும் பார்ப்பார். வேறுபாடு தெரிந்தால், அது சாயத்தின் வேறுபாடு.

நூலைப் பிரிப்பது எளிது. மனிதரை எப்படிப் பிரிப்பது? ஒருவர் இளைஞர், ஒருவர் முதியவர். ஒருவர் உண்டு கொழுத்தவர், ஒருவர் உணவின்றி வாடுபவர். அந்தச் சிக்கலைத் தீர்த்த பெருஞ்சோதனை ஒன்று, காஞ்சிபுரம் சேர்ந்திருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே நடந்தது.

எலும்புருக்கி நோயைத் தடுக்க, பிரான்சு நாட்டின் கால்மெட், கெரின் என்ற இருவர் உருவாக்கிய பி.சி.ஜி. ஊசி 1921-ல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. இந்தியாவிலே 1951-ல் அது பேரியக்கமாயிற்று. 1955-ல் இராசகோபாலாச்சாரியார் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சர்க்கார் மருத்துவர் கருத்தை ஆதரவாகக் காட்டியது. ஆச்சாரியாரும் மருத்துவர் கருத்தையே எதிர்ப்பாகக் காட்டினார். இருபுறமும் மேற்கோள்! எந்தப் பெரியவர் சொன்னார் என்ற வழக்கிலே இந்நாட்டு மக்களின் உடல் சிக்கிக்கொண்டது.

சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. 1950-ல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பருவத்தினரிடையே தொடங்கிய ஆய்வு, ஊசியால் நோய் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த ஆய்விலோ பயன் மிகச் சிறிது. அப்படியானால் நம் மண்ணிலே எப்படி? ஊகிக்கவேண்டாம், சோதிப்போம் என்று முன்வந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்திலே ஆய்வைத் தொடங்கின. ஏறத்தாழ 2,80,000 பேர் கை நீட்டினர். சிலருக்குப் பி.சி.ஜி. கூடிய அளவிலே; சிலருக்குக் குறைந்த அளவிலே; சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் கரைசல்.

யாருக்கு எது என்று தீர்மானித்தவர் யார்? மருத்துவர் அல்லர்; மணியக்காரர் அல்லர்; தற்செயல்! காஞ்சியை அடுத்த உத்திரமேரூரிலே, பத்தாம் நூற்றாண்டில், ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையைக் கல்வெட்டுக் கூறுகிறது. எடுப்பவன் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையாதிருக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் அந்தக் குடத்திலே விழுந்தவை, நிலமும் வேதக் கல்வியும் உடையோர் ஓலைகள் மட்டுமே. செங்கற்பட்டு ஆய்வின் குடத்திலோ உழவரும் கூலிக்காரரும் எல்லாச் சாதியாரும் இருந்தனர். தற்செயலாகப் பிரித்ததால், முதியவரும் இளைஞரும், உண்டவரும் வாடியவரும் எல்லாக் கூட்டத்திலும் ஏறக்குறையச் சமமாகவே விழுந்தனர். ஒரே சிட்டத்து நூலைப் பிரித்தது போலாயிற்று.

இன்னொரு காவலும் இருந்தது. மருந்துக் குப்பிகளிலே குறியீடு மட்டுமே. ஊசி போட்டவருக்கு உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது. பின்னர் மார்புப் படம் பார்த்தவருக்கும், சளியைச் சோதித்தவருக்கும், எவர் எந்தக் கூட்டம் என்பது தெரியாது. ஏன் இந்த மறைப்பு? அவர்கள் நேர்மையற்றவர் என்பதாலா? அல்ல. நேர்மையானவரின் கண்ணும், தான் விரும்புவதையே காண விரையும். அந்தக் கண்ணை நம்பாதிருப்பதே விஞ்ஞானத்தின் பணிவு.

ஏழரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபின், 1979-ல் முடிவு வெளியாயிற்று. நுரையீரலைத் தாக்கும் எலும்புருக்கி நோயை ஊசி தடுக்கவில்லை! ஊசி பெற்றவரும் வெறும் கரைசல் பெற்றவரும் நோய்க்கு ஒன்றுபோலவே ஆளாயினர். நடத்தியவர்கள் எதிர்பார்த்த விடை அன்று. எனினும் மறைக்கவில்லை, திரிக்கவில்லை, வெளியிட்டனர். ஆய்விலேயே பிழை இருக்குமோ என்று 1980-ல் வல்லுநர் குழு துருவியது. முறையாகவே நடந்தது என்று கண்டது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-ல் வெளிவந்தபோதும் விடை மாறவில்லை.

"அப்படியானால் ஆச்சாரியார் சொன்னதுதானே பலித்தது?" என்று கேட்போர் உண்டு. பலித்தது என்பது சோதிடரின் சொல். அவர் எதிர்த்தபோது இந்த மாவட்டத்தின் கணக்கு எவர் கையிலும் இல்லை. சர்க்காரின் நம்பிக்கையைப் போலவே, அவருடைய மறுப்பும் சோதனைக்கு முந்தியது. மேலும், 'ஊசியே வீண்' என்றும் இந்த ஆய்வு சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தந்தது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய வகைக் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. ஆகவேதான் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியை இன்றும் போடுகின்றனர். பெரியவர்களின் நோயையோ, கண்டறிந்து மருந்து கொடுத்துத்தான் ஒழிக்கவேண்டும். ஊசியை நம்பி வாளாவிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. அந்தத் தெளிவுக்கு விலை கொடுத்தவர்கள், பெயர் பொறிக்கப்படாத அந்தச் சிற்றூர் மக்கள். அவர்கள் நீட்டிய கைகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

தோழர்களே! பல்லியை நகையாடுவது எளிது. நாம் விரும்பும் மருந்தை, நாம் விரும்பும் திட்டத்தை, அதே கேள்வியின் முன் நிறுத்துவது கடினம். மன்றத்திலே படிப்பகம் வைத்தோம். அவ்வூரிலே பள்ளி செல்லும் பிள்ளைகள் பெருகினர் என்று ஆண்டறிக்கை எழுதுகிறோம். நன்று. படிப்பகம் வைக்காத பக்கத்து ஊரிலே பிள்ளைகள் பெருகவில்லையா? அங்கே சென்று எண்ணினோமா? எண்ணாவிட்டால், தங்கப் பல்லியைத் தொட்டு வந்தவர் நிரப்பிய அதே ஒற்றைக் கட்டத்தைத்தான் நாமும் நிரப்பியிருக்கிறோம்.

இந்த ஆண்டு ஒவ்வொரு மன்றமும் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். பக்கத்திலே நான்கு கட்டம் வரையட்டும். பஞ்சாங்கத்தின் பலன் ஒன்றையும், நம் சொந்தக் கூற்று ஒன்றையும் எடுத்துக்கொண்டு, விடை தெரியுமுன்னே கேள்வியை எழுதிவைத்து, ஆண்டு முழுதும் எண்ணட்டும். முடிவு நமக்கு எதிராக வந்தால், அதையும் ஆண்டு விழா மேடையிலே படிக்கட்டும்.