கைம்மாறாகும் சான்று: தேடுபொறிகளின் வரலாற்றில் பரிமாற்ற இணைப்புகளும் அவற்றின் இடர்களும்

முன்னுரை

நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே சிறப்புப்பாயிரம் பாடிக்கொள்ளல் ஆகாது என்பது தமிழ் மரபு. அவருடைய ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர் என நன்னூல் வரையறுக்கிறது. ஒருவரது தகுதிக்குப் பிறர் சொல்லே சான்றாகும் என்பது இவ்விதியின் உட்கிடை. இணையத் தேடுபொறிகளும் ஏறத்தாழ இதே அடிப்படையில் எழுந்தவை. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே கூறுவதைவிட, அதனைச் சுட்டும் பிற பக்கங்களின் இணைப்புகளுக்கு அவை மிகுந்த மதிப்பளித்தன.

ஆயின் இருவர் தம்முள் ஒத்துக்கொண்டு, ஒருவர் நூலுக்கு மற்றவர் பாயிரம் பாடினால் அது சான்றாகுமா? இணையத்தில் இக்கேள்வி ‘பரிமாற்ற இணைப்பு’ என்னும் வடிவில் எழுந்தது. ‘என் தளத்தை நீர் சுட்டினால் உம் தளத்தை நான் சுட்டுவேன்’ என்னும் உடன்பாடு முதலில் நட்பாகவும், பின்னர் வணிகமாகவும், இறுதியில் தண்டனைக்குரிய செயலாகவும் மாறிய வரலாற்றை 1995 முதல் 2016 வரையிலான காலப்பகுதியில் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாறு தமிழ் இணையத்தளங்களுக்கு உணர்த்துவது யாது என்பதும் இங்கு நோக்கப்படுகிறது.

மேற்கோளிலிருந்து இணைப்புக்கு

இணைப்பை மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் கருத்து கணினித்துறையில் மட்டும் தோன்றியதன்று. அதன் வேர் நூலகவியலில் உள்ளது. யூஜீன் கார்பீல்டு 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் முறையைத் தொகுத்து ஓர் அடைவாக்க வேண்டும் என முன்மொழிந்தார். 1960களில் அறிவியல் மேற்கோள் அடைவு வெளிவந்தது. பலரால் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை செல்வாக்குடையது என்னும் எண்ணம் அதன்வழி வேரூன்றியது.

1990களின் நடுப்பகுதியில் இயங்கிய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களையே நம்பின. ஒரு சொல்லை நூறுமுறை எழுதி வைத்த பக்கம் முன்வரிசைக்கு வந்தது. இந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் ஆவர். 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்ற உலகளாவிய வலை மாநாட்டில் அவர்கள் தம் தேடுபொறியின் அமைப்பை விளக்கினர். பேஜ்ரேங்க் எனப்பட்ட அவர்களது கணக்கீட்டில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்கைப் போன்றது. ஆயினும் எல்லா வாக்குகளும் சமமானவையல்ல. பலரால் சுட்டப்பட்ட பக்கம் அளிக்கும் இணைப்புக்கு மதிப்பு மிகுதி. ஒரு பக்கத்தின் மதிப்பு அது தரும் இணைப்புகள் அனைத்திற்கும் பகிர்ந்தளிக்கப்படும். பத்து இணைப்புகள் கொண்ட பக்கத்தில் மேலும் பத்து சேர்க்கப்பட்டால், முன்பிருந்த ஒவ்வொன்றும் பெற்ற பங்கு பாதியாகும்.

இக்கணக்கீட்டில் ஓர் ஊகம் மறைந்திருந்தது. இணைப்பைத் தருபவர் அதனால் தமக்கு ஆதாயம் எதிர்பாராமல் தருகிறார் என்பதே அவ்வூகம். கைம்மாறு கருதாத இணைப்பே சான்றாகும். இவ்வூகம் பொய்த்தால் கணக்கீட்டின் அடித்தளமே அசையும்.

நட்பும் வணிகமும்

இணைப்புப் பரிமாற்றம் தேடுபொறியை ஏமாற்றுவதற்காகப் பிறந்ததன்று. தேடுதல் செம்மையாக அமையாத காலத்தில் ஒத்த ஆர்வமுடையோரின் தளங்களை வாசகர் அறிய வேறு வழி அரிதாக இருந்தது. 1995இல் சேஜ் வெயில் உருவாக்கிய வெப்ரிங் என்னும் அமைப்பு, ஒரே பொருள் பற்றிய தளங்களைச் சங்கிலி போல் கோத்தது. ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கும் அதிலிருந்து மற்றொன்றுக்கும் சென்று, வாசகர் தொடங்கிய இடத்திற்கே மீளலாம். இங்கு பரிமாற்றம் வெளிப்படையானது. வாசகருக்குப் பயன் தந்தது.

1996இல் தொடங்கப்பட்ட லிங்க்எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இம்முறையை வணிகமாக்கியது. உறுப்பினர் தம் தளத்தில் பிறரது விளம்பரப் பட்டைகளைக் காட்டுவர். அதற்கு ஈடாக அவர்களது விளம்பரம் பிறர் தளங்களில் தோன்றும். 1998இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 26.5 கோடி டாலருக்கு இதனை வாங்கியது. இங்கும் மறைவு எதுவும் இல்லை. பட்டையைக் கண்ட எவரும் அது விளம்பரம் என்பதை அறிவர்.

மாற்றம் நேர்ந்தது, இணைப்பின் பயனாளர் மாறியபோதுதான். வாசகர் சொடுக்குவதற்காக இடப்பட்ட இணைப்பு, தேடுபொறி எண்ணுவதற்காக இடப்படும் இணைப்பாயிற்று. ‘நண்பர்களின் தளங்கள்’ என்னும் சிறு பட்டியல், தொடர்பற்ற நூற்றுக்கணக்கான தளங்கள் அடுக்கப்பட்ட ‘இணைப்புப் பக்கம்’ ஆயிற்று. அப்பக்கத்தை மனிதர் வாசிப்பர் என்று அதனை அமைத்தவரே எதிர்பார்க்கவில்லை.

எண்ணாக வெளிப்பட்ட மதிப்பு

இம்மாற்றத்திற்குத் தேடுபொறி நிறுவனமும் ஒரு காரணமாகும். 2000 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் 0 முதல் 10 வரையிலான எண்ணாகக் காட்டியது. அதுவரை கணக்கீட்டினுள் மறைந்திருந்த மதிப்பு அனைவர் கண்ணுக்கும் புலனாயிற்று. மதிப்பு எண்ணானதும் எண்ணுக்கு விலை வைக்கப்பட்டது. மதிப்பு 6 உடைய தளம், மதிப்பு 3 உடைய தளத்துடன் பரிமாறத் தயங்கியது. இணைப்பு நாணயமாயிற்று.

ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சான்று. 2002 ஆகஸ்டில் இந்நிறுவனம், உயர்ந்த மதிப்புடைய தளங்களில் இணைப்பு இடம் பெற்றுத் தரும் வணிகத்தைத் தொடங்கியது. சில வாரங்களில் அதன் கருவிப்பட்டை மதிப்பு 8இலிருந்து 4ஆகச் சரிந்தது. கூகுள் வேண்டுமென்றே இதனைச் செய்ததாகக் கூறி அது வழக்குத் தொடுத்தது. 2003 மே மாதத்தில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு பக்கத்தின் மதிப்பெண் என்பது கூகுளின் கருத்து. கருத்துரிமை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் காக்கப்படுகிறது என்பதே தீர்ப்பின் சாரம். இங்கு பரிமாற்றம் பணத்திற்கு நிகழ்ந்தது. எனினும் தீர்ப்பின் விளைவு எல்லா வகை இணைப்பு உடன்பாடுகளுக்கும் பொருந்தியது. வரிசையில் கீழிறக்கப்பட்ட தளத்தின் உரிமையாளர் நீதிமன்றத்தை நாடிப் பயனில்லை என்பது அன்றே தெளிவாயிற்று.

பரிமாற்றத்தின் மீதான நடவடிக்கைகள்

ஆய்வாளர்களும் இச்சிக்கலை விரைவில் எதிர்கொண்டனர். ஸ்டான்போர்டின் சோல்டான் கியோங்கி, ஹெக்டர் கார்சியா-மோலினா ஆகியோர் யாகூவின் யான் பெடர்சனுடன் இணைந்து 2004இல் டிரஸ்ட்ரேங்க் முறையை முன்வைத்தனர். மனிதர் ஆராய்ந்து நம்பிக்கைக்குரியன எனத் தெரிந்தெடுத்த சில தளங்களிலிருந்து நம்பிக்கை பிற தளங்களுக்குப் பரவும் என்பது அதன் அடிப்படை. முதலிருவரும் 2005இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இணைப்புப் பண்ணைகள் தமக்குள் கூட்டணி அமைத்து மதிப்பை உயர்த்திக்கொள்ளும் விதத்தைக் கணிதவழி விளக்கியது. இரு பக்கங்கள் ஒன்றையொன்று மட்டும் சுட்டும்போது மதிப்பு வெளியே செல்லாமல் அவற்றினிடையே சுழன்று பெருகும். அச்சுழற்சி ஆதாயம் தருவதோடு, இணைப்புகளின் வரைபடத்தில் தெளிவான தடயத்தையும் விட்டுச்செல்கிறது.

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் நோஃபாலோ என்னும் குறியீட்டை ஏற்றன. இக்குறியீடு உடைய இணைப்பு வாசகருக்கு வழிகாட்டும். அன்று அது வரிசைக்குச் சான்றாக எண்ணப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த, ஜாக்கர் எனத் தளநடத்துநரிடையே பெயர்பெற்ற மாற்றத்தில் பரிமாற்ற இணைப்புகளை நம்பியிருந்த பல தளங்கள் பின்னடைந்தன. 2006 மே மாதத்தில், கூகுளின் குப்பைத் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ், சில தளங்களின் பக்கங்கள் குறைவாகவே திரட்டப்படுவதற்கு மிகையான பரிமாற்ற இணைப்புகளும் ஒரு காரணம் என வெளிப்படையாக எழுதினார்.

கடுமை 2012இல் உச்சமடைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்ட பென்குவின் மாற்றம், ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காட்டைப் பாதிக்கும் எனக் கூகுளே கூறியது. அக்டோபரில் ‘மறுதலிப்புக் கருவி’ வெளியாயிற்று. தம்மைச் சுட்டும் இணைப்புகளுள் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் எனத் தள உரிமையாளர் அதன்வழி அறிவிக்கலாம். ஒரு காலத்தில் வேண்டிப் பெற்ற சான்றுகளை ஒவ்வொன்றாக மறுதலிக்கும் நிலை தோன்றியது.

2013 டிசம்பரில் நிகழ்ந்த ரேப் ஜீனியஸ் நிகழ்வு பண்டமாற்றின் இடரை நன்கு காட்டுகிறது. பாடல் வரிகளுக்கு விளக்கம் தரும் இத்தளம், தன் பக்கங்களுக்கு இணைப்பு இடுவோரின் எழுத்தைத் தன் ட்விட்டர் கணக்கில் அறிமுகப்படுத்துவதாகக் கூறியது. பணம் கைமாறவில்லை. எனினும் உடன்பாடு வெளிப்பட்டதும் கிறிஸ்துமஸ் நாளில் அத்தளம் தேடல் வரிசையில் வீழ்ந்தது. தன் பெயரை இட்டுத் தேடினால்கூட முன்னே தோன்றவில்லை. இணைப்புகளை நீக்கி, 2014 ஜனவரி 4 அன்று மீண்டது. பெரும் முதலீட்டைப் பெற்றிருந்த நிறுவனம் பத்து நாளில் மீண்டது. தானியங்கு மாற்றத்தால் கீழிறங்கிய சிறு தளங்களின் நிலை வேறு. பென்குவின் கணக்கீடு 2014 அக்டோபருக்குப் பின் 2016 செப்டம்பரில்தான் புதுப்பிக்கப்பட்டது. இடையே பிழையைத் திருத்திக்கொண்டவர்களும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2016இன் புதிய வடிவம் ஐயத்திற்குரிய இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பிழக்கச் செய்ததேயன்றித் தளத்தைத் தண்டிக்கவில்லை. பொதுமக்கள் பார்த்துவந்த மதிப்பெண்ணும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது.

இடர்களின் இயல்பு

இவ்வரலாற்றிலிருந்து நான்கு இடர்களை வகுத்துக் காணலாம். முதலாவது, பங்கு குறைதல். புற இணைப்புகள் பெருகப் பெருக, தளம் தன் சொந்தப் பக்கங்களுக்கு அளிக்கும் மதிப்பு சுருங்கும். இரண்டாவது, கூட்டாளியின் தவற்றில் பங்கேற்றல். இணைப்புப் பெற்ற தளம் பின்னர் விற்கப்பட்டுச் சூதாட்டத் தளமானாலும் இணைப்பு நிலைத்திருக்கும். தம் பக்கத்திலிருந்து வெளிச்செல்லும் இணைப்புக்குத் தள உரிமையாளரே பொறுப்பு. மூன்றாவது, தடயம். இருபுறமும் ஒரே காலத்தில், ஒரே சொற்களில் அமைந்த இணைப்புகளைக் கணினி எளிதில் இனங்காணும். நான்காவது, வரையறையின்மை. மிகையான பரிமாற்றம் ஆகாது என்பதே கூகுளின் வழிகாட்டு நெறி. எத்தனை இணைப்புகள் மிகையாகும் என்பதற்கு எண் தரப்படவில்லை. விதியை வகுப்பவரும் அதனை நிறைவேற்றுபவரும் ஒருவரே. முறையீட்டைக் கேட்பவரும் அவரே.

தமிழ்த் தளங்களின் நிலை

இந்நான்காவது இடர் சிறுமொழிச் சமூகங்களைத் தனியாகத் தொடுகிறது. 1990களின் இறுதியில் தமிழ்ப் பக்கங்கள் பலவகை எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்திருந்தன. ஒரு குறியாக்கத்தில் எழுதியதை மற்றொன்றில் தேட இயலாது. ஆகவே சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, கனடா எனச் சிதறி வாழ்ந்தோர் உருவாக்கிய தளங்களைக் கண்டறியப் பிறரது இணைப்புப் பட்டியல்களே பெரிதும் துணைநின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்னூலகப் பணிகள் தமிழர்களிடையே பரவியதில் இத்தகைய தன்னார்வப் பட்டியல்களுக்கும் பங்குண்டு. ஒருவரையொருவர் சுட்டுதல் அன்று சூழ்ச்சியன்று; தேவையாக இருந்தது.

யூனிகோடு பரவித் தமிழில் தேடுதல் எளிதான அதே ஆண்டுகளில்தான், 2005ஐ ஒட்டி, பரிமாற்ற இணைப்பு ஐயத்திற்குரியதாயிற்று. மொழிச் சமூகம் சிறிதாயின் அதன் தளங்கள் ஒன்றையொன்று சுட்டுவது இயல்பு. நூறு தளங்களே உள்ள துறையில் இருபது தளங்கள் தம்முள் இணைந்திருத்தல் வரைபடத்தில் கூட்டணி போலவே தோன்றக்கூடும். அன்பினால் கோத்த சங்கிலியையும் ஆதாயத்திற்காகக் கோத்த சங்கிலியையும் கணக்கீடு எப்போதும் வேறுபடுத்தும் என்று கூறவியலாது.

இதற்காக இணைப்பதையே கைவிடுதல் பொருந்தாது. வாசகருக்குப் பயன்படும் இணைப்பு என்றும் தக்கதே. உரிய கட்டுரையின் உரிய இடத்தில், ஏன் சுட்டப்படுகிறது என்னும் விளக்கத்துடன் இடப்படும் இணைப்பு மறுசுட்டு பெற்றாலும் சான்றாகவே நிற்கும். கடமைக்காக இடும் இணைப்புக்கு நோஃபாலோ குறியீடு உண்டு. இணைப்புக்கு ஈடாக இணைப்பு கேட்டு வரும் முன்பின் அறியாதோரின் வேண்டுகோள் மறுக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கோளில் பிறந்த கருத்து இறுதியில் மேற்கோளுக்கே திரும்பியது. 2013இல் பிரேசில் நாட்டு மருத்துவ இதழ்கள் நான்கின் தாக்கக் காரணி ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தம்முள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டித் தம் எண்ணை உயர்த்திக்கொண்டன என்பதே காரணம். தாக்கக் காரணியைக் கொண்டே ஆய்வை அளந்த நாட்டின் மதிப்பீட்டு முறைமீது அவ்விதழாசிரியர் தரப்பு குறை கூறியது. அக்குறையிலும் உண்மை இல்லாமலில்லை. சான்றை எண்ணாக்கி, அவ்வெண்ணுக்குப் பரிசளிக்கும் எந்த முறையும் கைம்மாற்றுச் சான்றுகளை வளர்க்கும். பின்னர் அவற்றைத் தண்டிக்கும்போது, மெய்யான நட்பினால் சுட்டியவரும் ஐயத்துக்கு உள்ளாவர்.

பரிமாற்ற இணைப்பின் பேரிடர் வரிசையில் கீழிறங்குவதோடு முடிவதில்லை. ஒரு சமூகத்தின் தளங்கள் ஒன்றுக்கொன்று அளிக்கும் சான்று நம்பத்தகாததாகிவிடுவதே அது. வரிசையில் இழந்த இடத்தை ரேப் ஜீனியஸ் பத்து நாளில் மீட்டது; பென்குவின் காலத்தில் சிறு தளங்களுக்கு இரண்டாண்டுகள் தேவைப்பட்டன. இழந்த சான்றுமதிப்பை மீட்க எக்கருவியும் இல்லை. பாயிரம் பாட உரியவர் யாவர் என வரையறுத்த மரபை உடையோர், தாம் எதனை, எதற்காகச் சுட்டுகிறோம் என்பதிலும் அத்தகைய வரையறையைக் கொள்ளுதல் வேண்டும்.